அங்காடியில் வயதும் வர்க்கமும்

செப்டம்பர் 22 அன்று சரக்கு மற்றும் சேவை வரியின் புதிய விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. முதல்நாள் மாலை நாட்டு மக்களுக்கு உரையாற்றிய பிரதமர் மோடி இதனைச் 'சேமிப்புத் திருவிழா' என்று அழைத்தார். தீபாவளி முடிந்த கையோடு, பண்டிகைக்கால விற்பனை 6.05 இலட்சம் கோடி ரூபாயை எட்டியதாக அகில இந்திய வர்த்தகர்கள் கூட்டமைப்பு அறிவித்தது. அன்றிலிருந்து பெருமுதலாளித்துவ ஊடகங்களில் ஒரே பல்லவிதான் ஒலிக்கிறது: மக்கள் கையில் பணம் புரள்கிறது, மக்கள் வாங்குகிறார்கள், பொருளாதாரம் செழிக்கிறது.

இந்தப் பல்லவியோடு ஒரு சரணமும் சேர்த்துப் பாடப்படுகிறது. வாங்குவோரைத் தலைமுறைகளாகப் பிரித்து ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு குணத்தைச் சூட்டும் கதை அது. முதியோர் சிக்கனக்காரர்கள், நடுவயதினர் வீடு, கல்வி, நகை என்று திட்டமிடுபவர்கள், 'ஜென் இசட்' எனப்படும் இன்றைய இளந்தலைமுறையோ சேமிப்பை மதியாமல், விலையுயர்ந்த கைப்பேசிக்கும் சுற்றுலாவுக்கும் கடன் வாங்கத் தயங்காதது என்று விளம்பரத் துறையும் வணிக நாளேடுகளும் ஓயாமல் எழுதி வருகின்றன. இக்கதையில் ஓரளவு உண்மை உண்டு. அந்தச் சிறிய உண்மையைக் கொண்டு ஒரு பெரிய உண்மை மறைக்கப்படுகிறது என்பதால்தான் இதனை ஆராய வேண்டியிருக்கிறது.

மனிதரின் தேவைகள் வயதுக்கேற்ப மாறுகின்றன என்பதை எவரும் மறுக்க முடியாது. குழந்தைக்குப் பாலும், மாணவருக்குப் புத்தகமும், வேலை தேடும் இளைஞருக்கு ஊர் விட்டு ஊர் செல்லும் பயணச் செலவும், முதியவருக்கு மருந்தும் தேவைப்படுகின்றன. தேவைகளின் பட்டியலை வயது எழுதுகிறது. அப்பட்டியலில் எவை கிடைக்கும், எவை அடித்துத் திருத்தப்படும் என்பதை வர்க்கமே தீர்மானிக்கிறது.

பெருநிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். வர்க்கம் என்ற சொல்லைப் பொதுமேடையில் அவை உச்சரிப்பதில்லை. ஆனால் தங்கள் விற்பனைக் கணக்கை வர்க்கத்தைக் கொண்டே போடுகின்றன. 1980களின் பிற்பகுதியிலேயே இந்தியச் சந்தை ஆய்வுத் துறை, குடும்பத் தலைவரின் கல்வியையும் தொழிலையும் அடிப்படையாகக் கொண்டு நகர்ப்புறக் குடும்பங்களைத் தரம்பிரிக்கும் முறையை உருவாக்கியது. 2011இல் அம்முறை மாற்றப்பட்டது. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் கல்வி, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, இருசக்கர வாகனம், கார், விவசாய நிலம் உள்ளிட்ட 11 உடைமைகளில் எத்தனை அவ்வீட்டில் உள்ளன என்ற கணக்கு ஆகியவற்றைக் கொண்டு 'ஏ1' முதல் 'இ3' வரை பன்னிரண்டு படிகளில் இந்தியக் குடும்பங்கள் அடுக்கப்பட்டன. எந்தப் பொருளை எந்த அளவில் எந்தத் தெருவில் விற்பது என்று இந்த அடுக்கைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். வர்க்கப் பிரிவினை பற்றிப் பேசுவது பழைய பஞ்சாங்கம் என்று நமக்குப் போதிப்பவர்களின் மேசைமீதுதான் இந்தப் பட்டியல் இருக்கிறது.

அரசின் புள்ளிவிவரங்கள் சொல்வது

1857ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் (இவர் மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் அல்லர்) தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார்: குடும்பம் எந்த அளவுக்கு ஏழையோ அந்த அளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு கூடுதலாக இருக்கும். அதே 1857இல்தான் மார்க்ஸ், உற்பத்தியும் நுகர்வும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைத் தமது பொருளாதாரக் குறிப்பேடுகளின் முன்னுரையில் ஆராய்ந்துகொண்டிருந்தார். உற்பத்தியானது பொருளை மட்டுமல்லாமல் அப்பொருளை நாடும் மனிதரையும் உருவாக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. வாங்கும் பழக்கம் மனித மனத்தில் தானாக முளைப்பதில்லை என்பதை இவ்விரு ஆய்வுகளும் இருவேறு வழிகளில் நிறுவுகின்றன.

இன்றைய இந்தியாவுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடத்தப்பட்ட குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமப்புறத்தில் 4,122 ரூபாய். நகர்ப்புறத்தில் 6,996 ரூபாய். கிராமப்புறத்தில் இச்செலவில் 47 விழுக்காடும், நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடும் உணவுக்கே போய்விடுகிறது. சராசரி என்ற திரையை விலக்கிப் பார்த்தால், கிராமப்புறத்தின் அடித்தட்டு 5 விழுக்காட்டினர் மாதத்திற்கு 1,677 ரூபாயில், அதாவது நாளொன்றுக்கு 56 ரூபாயில் வாழ்கின்றனர். உணவு, உடை, மருந்து, பயணம், கல்வி அனைத்தும் அந்த 56 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். நகர்ப்புறத்தின் உச்சியில் உள்ள 5 விழுக்காட்டினரின் செலவோ 20,310 ரூபாய்.

ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்பதற்கு இதே ஆய்வைத்தான் ஒன்றிய அரசு சான்றாகக் காட்டுகிறது. அடித்தட்டினரின் செலவு முந்தைய ஆண்டைவிடச் சற்று உயர்ந்தும், மேல்தட்டினரின் செலவு சற்றுக் குறைந்தும் பதிவாகியிருப்பது உண்மையே. ஆனால் செலவு வேறு, வருமானம் வேறு, சொத்து வேறு. ஏழை தன் வருவாய் முழுவதையும், பல வேளைகளில் கடனையும் சேர்த்துச் செலவழிக்கிறார். செல்வந்தர் தம் வருவாயில் ஒரு சிறு பகுதியை மட்டுமே செலவழித்து மீதியைப் பங்குகளிலும் நிலத்திலும் குவிக்கிறார். அந்தக் குவியல் இத்தகைய ஆய்வில் தென்படாது. 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும், சொத்தில் 40.1 விழுக்காடும் உச்சத்தில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டுள்ளது. மேலும், 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வை, தரவுகளின் தரம் சரியில்லை என்று கூறி வெளியிடாமல் முடக்கியதும் இதே அரசுதான் என்பதை மறந்துவிடலாகாது.

வாழ்வின் மூன்று பருவங்கள்

வயதும் வர்க்கமும் ஒன்றையொன்று எப்படி வெட்டிச் செல்கின்றன என்பதற்கு மூன்று பருவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பள்ளிப் பருவம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய ஆய்வின்படி, அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்கான குடும்பத்தின் ஆண்டுச் செலவு சராசரியாக 2,863 ரூபாய். பிற பள்ளிகளில் அது 25,002 ரூபாய். நாடு முழுவதும் மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குப் போகின்றனர். ஒரே வயதுக் குழந்தைகள், ஒரே பாடம். ஆனால் கல்வி என்பது ஒருவருக்கு உரிமையாகவும் மற்றவருக்கு விலைக்கு வாங்கும் சரக்காகவும் மாறிவிட்டது. அரசுப் பள்ளிகளை நலிய விட்டு, பெற்றோரைக் கல்விச் சந்தைக்குத் துரத்திவிட்டு, அதனைப் பெற்றோரின் 'விருப்பத் தேர்வு' என்று வருணிக்கிறார்கள்.

இரண்டாவது, இளமைப் பருவம். வேலையற்றோரில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் இளைஞர்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை கூறியது. வேலையற்றோரில் இடைநிலைக் கல்வியும் அதற்கு மேலும் படித்த இளைஞர்களின் பங்கு 2000ஆம் ஆண்டில் இருந்ததைவிட உயர்ந்து 2022இல் 65.7 விழுக்காடாகிவிட்டது. இந்த இளைஞர்களைத்தான் ஊதாரிகள் என்கிறார்கள்.

பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலை எண்ணிப் பார்ப்போம். கைப்பேசிச் செயலி வழியே பொருள் கேட்டவருக்கு வயது 24. பத்து நிமிடத்தில் அதனைக் கொண்டு வந்து கதவைத் தட்டுபவருக்கும் வயது 24. இருவரும் ஒரே தலைமுறை. இருவர் கையிலும் கைப்பேசி. ஒருவருக்கு அது வசதி. மற்றவருக்கு அது உழைப்புக் கருவி. கைப்பேசியும் இருசக்கர வாகனமும் இல்லாமல் அந்த வேலையில் அவரால் சேரவே முடியாது. வண்டியின் மாதத் தவணையும் பெட்ரோலும் பழுதுபார்ப்பும் அவர் தலையிலேயே விழுகின்றன. முதலாளி வழங்க வேண்டிய உற்பத்திக் கருவியைத் தொழிலாளி தன் கடனில் வாங்குகிறார். சந்தைப் புள்ளிவிவரத்திலோ அது இளைஞரின் நுகர்வு மோகமாகப் பதிவாகிறது. இத்தகைய தற்காலிகப் பணிகளில் 2020-21இல் 77 இலட்சம் பேர் இருந்தனர் என்றும், 2029-30இல் அது 2.35 கோடியாக உயரும் என்றும் நிதி ஆயோக் அறிக்கையே கூறுகிறது.

மூன்றாவது, முதுமைப் பருவம். முதியோர் இயல்பாகவே சிக்கனமானவர்கள் என்கிறது சந்தை. மாத ஓய்வூதியமும் வாடகை வருவாயும் உள்ளவரின் சிக்கனம் ஒரு தேர்வு. உடல் தளர்ந்த விவசாயத் தொழிலாளியின் சிக்கனமோ கட்டாயம். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் அத்தொகை ஒரு ரூபாய்கூட உயர்த்தப்படவில்லை. நாள் கணக்கில் அது ஏழு ரூபாய்க்கும் குறைவு. ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற தொழிலாளிக்கான வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. மருத்துவச் செலவில் 39 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுக்கும் நாட்டில், இந்த முதியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்வதை நுகர்வோரின் நடத்தை என்று அழைப்பது கொடூரம்.

இந்தியாவில் வர்க்கத்தோடு சாதியும் பின்னிக் கிடக்கிறது. 2022-23 ஆய்வின்படி கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு பழங்குடியினரிடையே 3,016 ரூபாய், பட்டியல் சாதியினரிடையே 3,474 ரூபாய், இதர பிற்படுத்தப்பட்டோரிடையே 3,848 ரூபாய், ஏனையோரிடையே 4,392 ரூபாய். சாதிய அடுக்கும் செலவின் அடுக்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இங்குச் சிக்கல் பணம் இல்லாமை மட்டுமன்று. பணம் இருந்தாலும் வாங்கவும் உண்ணவும் உடுத்தவும் விடமாட்டோம் என்பதே சாதியத்தின் கட்டளை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், யாத்திரை சென்று திரும்பிய ஒரு தலித், தம் சொந்தச் செலவில் நெய்யிட்டு விருந்து படைத்ததற்காக ஆதிக்க சாதியினர் தடிகளோடு வந்து தாக்கிய நிகழ்வை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்தார். தலித் மணமகன் குதிரையில் ஏறியதற்காகத் தாக்கப்படும் செய்திகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எனவே, நல்ல உடைக்கும் நல்ல வண்டிக்கும் ஆசைப்படும் தலித் இளைஞரின் விருப்பத்தை வெறும் நுகர்வு மோகம் என்று தள்ளிவிட முடியாது. அதில் மறுக்கப்பட்ட கண்ணியத்திற்கான கோரிக்கையும் கலந்திருக்கிறது.

இரண்டு சந்தைகள்

வர்க்கப் பிளவு இன்று சந்தையையே இரண்டாகப் பிளந்துவிட்டது. 2018-19இல் உள்நாட்டில் 33.8 இலட்சம் கார்களும் பிற பயணியர் வாகனங்களும் விற்பனையாயின. 2024-25இல் அது 43 இலட்சமாக உயர்ந்தது. அதே 2018-19இல் 2.12 கோடி இருசக்கர வாகனங்கள் விற்பனையாயின, 2024-25இலோ 1.96 கோடிதான். ஆறு ஆண்டுகள் கழித்தும் பழைய அளவை எட்டவில்லை. மேல்தட்டின் வாகனம் முன்னே ஓடுகிறது. உழைப்பவரின் வாகனம் பின்தங்கி நிற்கிறது. இதில் எந்தத் தலைமுறைக் குணமும் இல்லை.

கீழ்த்தட்டு மக்களுக்கென நிறுவனங்கள் கண்ட வழி சிறு பொட்டலம். கடலூரில் தோன்றிய ஷாம்பு பொட்டலம் நாடெங்கும் பரவி, தேநீர்த் தூள் முதல் எண்ணெய் வரை அனைத்தும் ஒரு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் கிடைக்கலாயின. அன்றாடங்காய்ச்சியின் கையில் மாதச் சம்பளம் இல்லை, அன்றைய கூலிதான் இருக்கிறது என்பதை முதலாளித்துவம் கூர்ந்து கவனித்ததன் விளைவு இது. ஆனால் அந்த ஐந்து ரூபாய்க்கும் தட்டுப்பாடு வந்த காலம் உண்டு. 2019 ஆகஸ்டில், ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தை வாங்கக்கூட மக்கள் இருமுறை யோசிப்பதாகப் பெரிய பிஸ்கட் நிறுவனமொன்றின் தலைவர் வெளிப்படையாகக் கூறினார். அதற்கு அடுத்த மாதமே ஒன்றிய அரசு செயலில் இறங்கியது. எப்படி? பிஸ்கட் மீதான வரியைக் குறைக்கவில்லை. பெருநிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது.

ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் பிஸ்கட், சோப்பு, பற்பசை மீதான 18 விழுக்காட்டு வரி 5 விழுக்காடாகியிருக்கிறது. இக்குறைப்பு வரவேற்கத்தக்கதே. எனினும், எட்டு ஆண்டுகளாக ஏழைகளிடம் வசூலித்த வரியைக் குறைத்ததைக் கொடை என்று கொண்டாடச் சொல்வது என்ன நியாயம்? ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் இதனால் கிடைக்கும் பயன் சுமார் 55 காசு. வரி நீங்கலாக 5 இலட்சம் ரூபாய் விலையுள்ள சிறிய காரில், 28 விழுக்காடு 18 ஆனதால் கிடைக்கும் பயன் 50,000 ரூபாய். பெரிய சொகுசு வாகனங்களின் மீதான மொத்த வரிச்சுமைகூட, கூடுதல் தீர்வை நீங்கியதால், 40 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வாங்கும் சக்தி உள்ளவருக்கே வரிக்குறைப்பின் பெரும்பயன் போய்ச் சேர்கிறது. வருவாயை இழக்கும் மாநிலங்களுக்கோ இழப்பீடு ஏதும் இல்லை.

வாங்கும் சக்தி எங்கிருந்து வர வேண்டும்? கூலியிலிருந்து. தேசிய அளவிலான அடிப்படைக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய் என்ற அளவிலேயே கிடக்கிறது. 2023-24இல் பெருநிறுவனங்களின் இலாபம் 22.3 விழுக்காடு உயர்ந்தபோது அவற்றில் வேலைவாய்ப்பு வெறும் 1.5 விழுக்காடே உயர்ந்ததாக ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. கூலி உயராத இடத்தில் கடன் புகுகிறது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காடாகச் சரிந்தது. பல பத்தாண்டுகளில் இல்லாத வீழ்ச்சி இது. அடமானமற்ற நுகர்வோர் கடன்களின் வேகம் கண்டு ரிசர்வ் வங்கியே 2023 நவம்பரில் கடிவாளம் போட வேண்டியதாயிற்று. அதன்பின் கூட்டம் நகைக்கடன் பக்கம் திரும்பியது. 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் வங்கிகளின் தங்க நகைக்கடன் நிலுவை இருமடங்கானது. தாலிக்கொடி வங்கிப் பெட்டகத்திற்குப் போவதையும் நுகர்வின் எழுச்சி என்றே கணக்கெழுதுகிறார்கள்.

நமது கடமை

இவ்விடத்தில் நமது அணிகளைக் குறித்தும் வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. இன்றைய இளைஞர்கள் கைப்பேசியிலும் கடனிலும் மூழ்கிவிட்டார்கள், போராட்டத்திற்கு வரமாட்டார்கள் என்ற சலிப்புக் குரல் நமது கிளைக் கூட்டங்களிலும் அவ்வப்போது கேட்கிறது. விளம்பர நிறுவனங்கள் சொல்லும் தலைமுறைக் கதையை நாமே திருப்பிச் சொல்வதுதான் இது. தவணை கட்டத் தவறினால் வண்டி பறிபோகும், வண்டி போனால் வேலை போகும் என்ற அச்சத்தில் உழலும் இளைஞரிடம் சிக்கனத்தைப் பற்றி உபதேசிப்பவரை அவர் தம்மவராகக் கருதமாட்டார். அவர் ஏன் கடன் வாங்கினார், யாரிடம் வாங்கினார், வட்டி என்ன, வசூலிக்க வருபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று அமர்ந்து கேட்பவரிடமே அவர் மனம் திறப்பார். அங்கிருந்துதான் சங்கம் தொடங்குகிறது.

அதே வேளையில், நுகர்வுப் பண்பாட்டின் நச்சுத்தன்மையை நாம் கண்டுகொள்ளாமல் விடவும் இயலாது. உடைமையைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் பண்பாடு, அண்டை வீட்டாரைத் தோழராகப் பார்ப்பதற்கு மாறாகப் போட்டியாளராகப் பார்க்கப் பழக்குகிறது. வரதட்சணையின் பட்டியல் நீள்வதிலும், திருமணச் செலவு குடும்பத்தை மூழ்கடிப்பதிலும் இதன் விளைவைக் காண்கிறோம். கட்சிக் குடும்பங்களும் இதற்கு விதிவிலக்காக இல்லை. எளிமையான திருமணம், வரதட்சணை மறுப்பு, படிப்பகங்கள், விளையாட்டு மன்றங்கள் ஆகியவற்றின் வழியே மாற்றுப் பண்பாட்டை வாழ்ந்து காட்டுவது தோழர்களின் பொறுப்பு.

கோரிக்கைகள் தெளிவானவை. குறைந்தபட்ச ஊதியம் மாதம் 26,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட வேண்டும். செயலி வழித் தொழிலாளர்கள் தொழிலாளர்களாகச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டு, வண்டிக்கும் எரிபொருளுக்குமான செலவை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு வாழத்தக்க அளவுக்கு உயர்த்தப்பட வேண்டும். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தன் குறுகிய நிதியாதாரத்திலும் நலஓய்வூதியத்தை 2025இல் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது அது இயலும் என்பதற்குச் சான்று. பொது விநியோக முறை பருப்பும் எண்ணெயும் சேர்த்து விரிவாக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளிகளும் அரசு மருத்துவமனைகளும் வலுப்பெற வேண்டும். கல்வியையும் மருத்துவத்தையும் விலைக்கு வாங்கத் தேவையில்லாதபோதுதான் ஏழையின் கையில் பணம் தங்கும். இதற்கான நிதியைப் பெருஞ்செல்வந்தர்களின் சொத்தின் மீதான வரியிலிருந்து திரட்ட வேண்டும்.

பண்டிகை முடிந்துவிட்டது. வாங்கியவருக்குத் தவணை நோட்டீசும், வாங்க முடியாதவருக்கு ஏக்கமும் மிஞ்சியிருக்கின்றன. வருகிற வாரங்களில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள பத்து வீடுகளுக்கேனும் சென்று, அங்கு வாழும் மூன்று தலைமுறையினரிடமும் அவர்களது வரவையும் செலவையும் கடனையும் கேட்டறிய வேண்டும். பாட்டியின் மருந்துச் சீட்டும், தாயின் நகைக்கடன் ரசீதும், மகனின் வண்டித் தவணை அட்டையும் ஒரே வீட்டின் சுவரில் தொங்குவதைக் காண்போம். மூன்றும் வெவ்வேறு வயதின் துயரங்களாகத் தோன்றினாலும் அவற்றுக்குக் காரணம் ஒன்றே என்பதை அந்த வீட்டாருக்குப் புரியவைத்து, அவர்களைக் கூட்டாகப் போராட்டக் களத்திற்கு அழைத்து வருவதே இன்று நம் முன் உள்ள பணி.